₹, °, ½, ×: கீபோர்டில் இல்லாத குறிகளை அடிக்க எந்த வழி யாருக்குச் சரிப்படும்?

உங்கள் கீபோர்டில் 4 விசையை ஒருமுறை பாருங்கள். இந்தியாவில் விற்கும் பல கீபோர்டுகளில் அந்த விசையின் ஓரத்தில் சின்னதாக ₹ அச்சடித்திருக்கும். சும்மா தட்டினால் 4 வருகிறது, ஷிஃப்ட்டோடு தட்டினால் டாலர் வருகிறது, ரூபாய் மட்டும் வருவதே இல்லை. அதனால் பில் அடிப்பவர்கள் ‘ரூ.’ என்று அடித்துவிட்டுப் போகிறார்கள், இல்லையென்றால் கூகுளில் தேடி எங்கிருந்தோ ஒரு ₹-ஐ எடுத்து ஒட்டுகிறார்கள். அடுத்த பில்லுக்கும் அதே தேடல்தான். டிகிரி, அரை, முக்கால், பெருக்கல் குறி, சதுர மீட்டருக்கு மேலே ஏறி நிற்கும் 2, ‘சிறியது அல்லது சமம்’ எல்லாவற்றுக்கும் இதே பாடு.

வழி தெரியாமல் இல்லை, ஏழெட்டு வழி இருப்பதுதான் குழப்பம். ஒருவர் ஆல்ட் எண்களை மனப்பாடம் செய் என்கிறார், இன்னொருவர் வேர்டிலேயே எல்லாம் இருக்கிறது என்கிறார், கொஞ்சம் கணினி தெரிந்தவர் ஒரு மென்பொருளை நிறுவிக்கொள் என்கிறார். எது நல்லது என்று கேட்பதற்கு முன்னால் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்: அந்தக் குறி உங்களுக்கு நாள்தோறும் வேண்டுமா எப்போதாவது வேண்டுமா, நீங்கள் உட்கார்ந்திருக்கும் கணினியில் எதையாவது நிறுவ உங்களுக்கு அனுமதி உண்டா, அடித்தது கடைசியில் எங்கே போகிறது. கேள்வித்தாள் அடிக்கும் ஆசிரியருக்கும் வங்கிக் கவுன்ட்டரில் இருப்பவருக்கும் பத்திரிகையில் பக்கம் வடிவமைப்பவருக்கும் ஒரே பதில் இருக்க முடியாது.

முதலில் ₹-ஐ முடித்துவிடலாம், ஏனென்றால் அதற்கு மட்டும் எல்லோருக்கும் ஒரே பதில் போதும். இந்தக் குறியை மத்திய அரசு ஏற்றுக்கொண்டது 2010 ஜூலை 15 அன்று. வடிவமைத்தவர் நம் ஊர்க்காரரான உதயகுமார். அதே ஆண்டு அக்டோபரில், எல்லா மொழி எழுத்துகளுக்கும் ஒவ்வோர் எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடின் 6.0 பதிப்பில் இதற்கு இடம் கிடைத்தது, பிறகு விண்டோஸ் 7-க்கும் ஒரு அப்டேட் மூலமாக வந்து சேர்ந்தது. ஆக, உங்கள் கணினிக்கு ₹ தெரியும். பிரச்சினை எங்கே என்றால், பெரும்பாலான கணினிகளில் கீபோர்டு அமைப்பு ‘ஆங்கிலம் – அமெரிக்கா’ என்றே இருக்கிறது, விசையின் மேல் எதை அச்சடித்திருந்தாலும் விண்டோஸ் அதைப் பார்ப்பதில்லை. செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய், ஆங்கிலத்துக்குள் இருக்கும் கீபோர்டு பட்டியலில் ‘ஆங்கிலம் – இந்தியா’ என்பதைச் சேர்த்து, அமெரிக்காவை எடுத்துவிடுங்கள். இனி வலது ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு 4 தட்டினால் ₹ விழும். மற்ற எழுத்துகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும், கை எதையும் புதிதாகப் பழக வேண்டியதில்லை. மொழி ‘இந்திய ஆங்கிலம்’ என்று இருந்தாலும் அதற்குள் கீபோர்டு மட்டும் அமெரிக்காவாகவே கிடக்கும், அதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே ஒரு பக்க விளைவு உண்டு: வலது ஆல்ட், கன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்த விசைபோல நடந்துகொள்ளும், ஆகவே ஏதாவது நிரலில் வலது ஆல்ட்டை வைத்துக் குறுக்குவிசை பழகியிருந்தால் இடது ஆல்ட்டுக்கு மாறிக்கொள்ள வேண்டும்.

எக்செலில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. செல்லுக்குள் எண்ணோடு சேர்த்து ₹ அடிக்காதீர்கள். எண்ணை மட்டும் அடித்துவிட்டு, செல்லின் வடிவத்தை நாணயமாக வைத்து ₹-ஐத் தேர்ந்தெடுங்கள். கணினியின் வட்டார அமைப்பு வேறாக இருந்தால் நீங்கள் அடித்த ₹500 வெறும் எழுத்தாகவே செல்லில் உட்காரும், கூட்டல் சூத்திரம் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு மீதியைக் கூட்டிக் காட்டும். பிழைச் செய்திகூட வராது என்பதால் கண்ணுக்குச் சிக்குவது கஷ்டம்.

சரி, இனி ஆல்ட் எண்கள். இதுதான் எல்லோருக்கும் முதலில் தெரியவரும் வழி. ஆல்ட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலப்பக்க எண்பலகையில் 0176 அடித்துவிட்டு ஆல்ட்டை விட்டால் °. 0215 என்றால் ×, 0247 என்றால் ÷, 0189 அரை, 0188 கால், 0190 முக்கால், 0177 என்றால் ±, 0178 மேலேறிய 2, 0150 சிறு கோடு. இதில் நல்லது என்னவென்றால் எதையும் நிறுவ வேண்டாம், பழைய விண்டோஸிலும் ஓடும், நோட்பேடானாலும் பில்லிங் மென்பொருளானாலும் விழும். தினமும் அடிப்பவரின் கைவிரல் 0176-ஐ யோசிக்காமலே தட்டிவிடும்.

இருந்தாலும் புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். மடிக்கணினிகளில் பலவற்றில் எண்பலகையே கிடையாது, மேல்வரிசை எண்களால் இந்த வேலை நடக்காது. எண்பலகை இருந்தாலும் நம்லாக் அணைந்திருந்தால் கர்சர் எங்கோ ஓடும். முன்னால் வரும் 0-வை விட்டுவிட்டால் எழுத்தே மாறிவிடும்: 0176 என்றால் டிகிரி, வெறும் 176 என்றால் புள்ளி புள்ளியாக நிரம்பிய ஒரு கட்டம். 0 இருந்தால் விண்டோஸ் தன் சொந்த எழுத்து அட்டவணையைப் பார்க்கிறது, இல்லாவிட்டால் 1981-இல் வந்த ஐபிஎம் பிசி காலத்து அட்டவணையைப் பார்க்கிறது. அந்தப் பழைய அட்டவணையில் டிகிரியின் எண் 248, அரையின் எண் 171. இணையத்தில் ஒரே குறிக்கு இரண்டு எண்கள் சொல்லப்படுவதற்குக் காரணம் இதுதான், இரண்டுமே சரிதான்.

பெரிய குழப்பம் 255-க்கு மேற்பட்ட எண்களில் வருகிறது. ₹-க்கு ஆல்ட் 8377 என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். வேர்டில் அடித்தால் அப்படியே விழும். வேறு பல நிரல்களில் அதே எண்ணை அடித்தால் ₹ வராமல் ╣ என்று ஓர் இரட்டைக் கோட்டுக் குறி வரும். கணக்கு எளிது: அந்த நிரல்கள் 256-க்குள்தான் எண்ணும், 8377-ஐ 256-ஆல் வகுத்தால் மீதி 185, பழைய அட்டவணையில் 185-ஆம் இடத்தில் இருப்பது அந்த ╣. ஆக, ஆல்ட் எண்கள் ஒரு நூற்றுச் சொச்சம் பழைய குறிகளுக்கு மட்டுமே நம்பகமானவை. ≠, ✓ போன்றவற்றுக்கு இந்த வழியை நம்பி இறங்க வேண்டாம். ஏற்கெனவே நாலைந்து எண்கள் கையில் படிந்தவர்கள் தாராளமாகத் தொடரலாம், யாருடைய கணினியில் உட்கார்ந்தாலும் அவை கூடவே வரும்.

எப்போதாவது ஒரு குறி வேண்டும் என்பவர்களுக்கு விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஒரு நல்ல வழி இருக்கிறது: விண்டோஸ் விசையோடு புள்ளி. ஈமோஜிப் பலகை திறக்கும். பலர் அது வாட்ஸ்அப் பொம்மைகளுக்கானது என்று மூடிவிடுகிறார்கள். மேலே இருக்கும் தாவல்களில் குறிகளுக்கென்று ஒன்று உண்டு. 2019 மே மாத அப்டேட்டில் அது சேர்ந்தது. நிறுத்தற்குறிகள், நாணயங்கள், கணிதம், வடிவங்கள் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள், நீங்கள் சமீபத்தில் எடுத்தவை முன்னால் வந்து நிற்கும். எதையும் நிறுவ வேண்டாம், எண் ஞாபகம் வேண்டாம், தமிழ்க் கீபோர்டில் இருந்தாலும் ஆங்கிலத்தில் இருந்தாலும் ஒரேமாதிரி வேலை செய்யும். நிறுவும் உரிமை இல்லாத அலுவலகக் கணினிகளுக்கு இதைவிடச் சுலபமானது கிடையாது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே பலகையில் ஈமோஜித் தாவலிலும் ஒரு பெருக்கல் குறி, ஒரு சரிக்குறி எல்லாம் இருக்கும். திரையில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அவை ஈமோஜிகள். அச்சுக்குப் போகும் கேள்வித்தாளில் 12-க்கும் 5-க்கும் நடுவே தடித்த வண்ணப் பெருக்கல் உட்கார்ந்திருக்கும், இன்னொரு கணினியில் வேறு வடிவத்தில் தெரியும். குறித் தாவலில் இருந்து மட்டும் எடுங்கள். வேகமும் பெரிய குறைதான். பத்துக் குறிகள் உள்ள ஒரு பக்கத்துக்குப் பத்து முறை பலகையைத் திறந்து, தாவலை மாற்றி, பட்டியலை உருட்டி எடுப்பதற்குள் அடித்துக்கொண்டிருந்த வாக்கியம் மறந்துபோகும்.

இதோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டியது விண்டோஸ் விசையோடு ‘வி’ தட்டினால் வரும் கிளிப்போர்டு வரலாறு. 2018 அக்டோபர் அப்டேட்டில் வந்தது, முதல் தடவை ஒருமுறை இயக்கிக்கொள்ள வேண்டும். நகலெடுத்தவை வரிசையாகத் தெரியும், வேண்டியதை ‘பின்’ (pin) செய்து நிலையாக வைத்தால் கணினியை அணைத்துப் போட்டாலும் அழியாது. ஏழெட்டுக் குறிகளைத் தனித்தனியாக நகலெடுத்துப் பின் செய்துவைத்தால், எதையும் நிறுவாமலே சொந்தமாக ஒரு குறிப் பட்டியல் கிடைத்துவிடுகிறது. இதை ஏன் யாரும் பெரிதாகச் சொல்வதில்லை என்று தெரியவில்லை, எப்போதாவது குறி வேண்டியவர்களுக்கு, பொதுக் கணினியில் தவிர மற்ற எல்லா இடத்திலும் நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

ஓர் எழுத்துருவின் எழுத்துகளைக் கட்டம் கட்டமாகக் காட்டும் கேரக்டர் மேப் விண்டோஸ் 3.1 காலத்து ஆள், இன்னும் இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் பெயரைத் தட்டினால் திறக்கும். தினசரி வேலைக்கு மெதுவானது, ஆனால் ஓர் எழுத்துருவுக்குள் என்னென்ன குறிகள் உண்மையிலேயே இருக்கின்றன என்று பார்ப்பதற்கு நல்லது.

வேர்டுக்குள்ளேயே வேலை முழுவதும் முடிந்துவிடும் என்பவருக்கு இதுவரை சொன்ன எதுவும் தேவைப்படாமலே போகலாம். வேர்டில் யூனிகோடு எண்ணை அடித்துவிட்டு ஆல்ட்டோடு எக்ஸ் தட்டினால் அந்த எண் குறியாக மாறும். 2264 அடித்து ஆல்ட் எக்ஸ் என்றால் ≤, 2265 என்றால் ≥, 2260 என்றால் ≠, 2192 என்றால் →. லிப்ரே ஆபீஸிலும் 2016 முதல் இது உண்டு. எண்பலகை வேண்டாம் என்பதால் மடிக்கணினியிலும் நடக்கும். இதன் உண்மையான அருமை திருப்பி அடிக்கும்போதுதான் தெரியும்: யாரோ அனுப்பிய கோப்பில் இருக்கும் ஒரு குறிக்குப் பின்னால் கர்சரை வைத்து ஆல்ட் எக்ஸ் தட்டினால் அந்தக் குறி தன் எண்ணைக் காட்டும். அது உண்மையான டிகிரியா, டிகிரி மாதிரி தெரியும் வேறு ஏதோவா என்று அந்த நிமிடமே தெரிந்துவிடும். குறிக்கு முன்னால் ஒட்டியபடி எண் இருந்தால் மட்டும் எச்சரிக்கை வேண்டும். 5≤ என்று வர வேண்டிய இடத்தில் 5-ஐ ஒட்டி 2264 அடித்தால் வேர்ட் அதை 52264 என்றுதான் படிக்கும். அப்போது 2264-ஐ மட்டும் தேர்ந்தெடுத்துக்கொண்டு ஆல்ட் எக்ஸ் தட்ட வேண்டும்.

வேர்டின் தானியங்கித் திருத்தம் இன்னொரு வசதி. 1/2 அடித்து இடைவெளி விட்டால் ½ ஆகும், 1/4-உம் 3/4-உம் அப்படியே. 1/3 மட்டும் மாறாது. கேள்வித்தாள் அடிப்பவர்கள் இதில்தான் மாட்டுவார்கள்: ஒரே வரியில் ½ அழகாகக் கச்சிதமாக நிற்கும், பக்கத்திலேயே 1/3 நீட்டிக்கொண்டு கிடக்கும், மாணவருக்கு அது ஏதோ வேறுவகைப் பின்னம் என்று தோன்றும். ⅓-க்கு 2153, ⅔-க்கு 2154 அடித்து ஆல்ட் எக்ஸ் தட்டிவிடலாம். அடிக்கடி வருகிறதென்றால் தானியங்கித் திருத்தப் பட்டியலிலேயே 1/3 அடித்தால் ⅓ என்று நீங்களே சேர்த்துவிடலாம், அந்தப் பட்டியலை எக்செலும் எடுத்துக்கொள்ளும். நிறையச் சமன்பாடு வருகிறதென்றால் குறி குறியாக அடிக்காமல் ஆல்ட்டோடு சமக்குறி தட்டி வேர்டின் சமன்பாட்டுப் பெட்டியைத் திறந்துவிடுவதுதான் முறை.

மேலேறிய 2 பற்றியும் சொல்ல வேண்டும். சதுர மீட்டரை எழுத 2-ஐ அடித்து சூப்பர்ஸ்கிரிப்ட் ஆக்குவது பலரின் பழக்கம். வேர்டுக்குள் இருக்கும்வரை பிரச்சினையில்லை. அதே வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பிலோ டெண்டர் இணையதளத்தின் பெட்டியிலோ ஒட்டினால் வடிவமைப்பு உதிர்ந்துபோய் ‘மீ2’ என்று நிற்கும். 10² என்பது 102 ஆகிவிட்டால் விலையே மாறிப்போகும். ² என்ற தனி எழுத்தை அடித்தால் எங்கே போனாலும் மேலேயே நிற்கும். அடித்தது எங்கே போகிறது என்று ஆரம்பத்தில் கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

நாள் முழுவதும் அடிப்பவர்களுக்கு வருவோம். உங்களுக்கு ஒரு பத்துப் பதினைந்து குறிகள் தினமும் வேண்டும், கணினி உங்களுடையது என்றால் டெக்ஸ்ட் எக்ஸ்பேண்டர் ஒன்றை நிறுவிவிடுங்கள் என்பதுதான் என் பதில், இதில் எனக்குத் தயக்கமே இல்லை. விண்டோஸில் ஆட்டோஹாட்கீ இருக்கிறது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் வேலை செய்ய எஸ்பான்சோ இருக்கிறது, இரண்டும் இலவசம். ஒரு சாதாரண உரைக்கோப்பில் ‘இதை அடித்தால் அது வரட்டும்’ என்று எழுதிவைப்பதுதான் மொத்த வேலையும். பிறகு எந்த நிரலில் உட்கார்ந்தாலும், வேர்டானாலும் உலாவியானாலும், அதே சுருக்கம் அதே குறியைத் தரும்.

சுருக்கங்களை எப்படி வைப்பது என்பதில்தான் தமிழில் அடிப்பவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஆங்கில வழிகாட்டிகளில் எல்லாம் அரைப்புள்ளியில் தொடங்கி ஆங்கில எழுத்துகளை அடிக்கச் சொல்வார்கள். தமிழ் 99 கீபோர்டு அமைப்பில் அரைப்புள்ளி விசையில் ‘ந’ இருக்கிறது. ஆங்கில எழுத்து விசைகளில் எல்லாம் தமிழ் எழுத்துகள். தமிழில் ஒரு பத்தி அடித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் டிகிரி வேண்டும் என்று அந்தச் சுருக்கத்தை அடித்தால் ‘ந’-வில் தொடங்கி ஏதோ நாலு எழுத்து விழும், குறி வராது. கீபோர்டை ஆங்கிலத்துக்கு மாற்றி, குறியை அடித்து, திரும்பத் தமிழுக்கு வர வேண்டியதாகிவிடும். காற்புள்ளியும் எண்களும் இரண்டு கீபோர்டிலும் ஒரே இடத்தில் இருப்பவை. ஆகவே இரண்டு காற்புள்ளி, பிறகு எண் என்று வையுங்கள். ,,0 என்றால் °, ,,12 என்றால் ½, ,,14 என்றால் ¼, ,,34 என்றால் ¾, ,,22 என்றால் ², ,,33 என்றால் ³. மேலேறிய மூன்றுக்கு ஏன் வெறும் ,,3 வைக்கவில்லை என்றால், சுருக்கம் அடித்த உடனே விரியும்படி வைத்திருந்தால் ,,34 அடிக்கும் வழியிலேயே ,,3 விரிந்துவிடும். ஒரு சுருக்கம் இன்னொன்றின் தொடக்கமாக இருக்கக்கூடாது, இது ஒன்றுதான் விதி. தமிழ் எழுத்தில் இரண்டு காற்புள்ளி அடுத்தடுத்து இயல்பாக வரவே வராது என்பதால் தவறுதலாக விரியும் பயமும் இல்லை.

கண்ணுக்கே தெரியாத எழுத்துகளுக்கும் இது கைகொடுக்கும். ரிக்ஷா என்று அப்படியே அடித்தால் க்-உம் ஷ-உம் ஒட்டிக்கொண்டு கூட்டெழுத்தாகிவிடும். ரிக்‌ஷா என்று பிரித்துக் காட்ட நடுவில் அகலமே இல்லாத ஓர் இணைப்பு நீக்கி எழுத்தை வைக்க வேண்டும். அதைப் பட்டியலில் கண்ணால் பார்த்துப் பொறுக்க முடியாது, ஏனென்றால் அதற்கு உருவமே இல்லை. சுருக்கமாக வைத்துக்கொண்டால் தேட வேண்டியதே இல்லை. மெய்ப்புப் பார்ப்பவர்கள் இதை முதல் நாளே சேர்த்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்பேண்டரின் குறை என்னவென்றால் பின்னணியில் ஒரு நிரல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நீங்கள் தட்டும் ஒவ்வொரு விசையையும் அது பார்க்கும். அலுவலகக் கணினிப் பிரிவினர் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குவது நியாயம்தான். வாடிக்கையாளர் தகவல் அடிக்கும் இடங்களில் நானும் வேண்டாம் என்றே சொல்வேன். அப்படிப்பட்ட இடத்தில் நிறைய அடிப்பவர் இருந்தால், மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் கீபோர்டு அமைப்பு உருவாக்கியைக் கொண்டு வலது ஆல்ட்டோடு வரும் குறிகளை நீங்களே வைத்து ஒரு கீபோர்டு அமைப்பைச் செய்து, கணினிப் பிரிவினரிடம் கொடுத்து ஒருமுறை நிறுவச் சொல்லலாம். அதன் பிறகு பின்னணியில் எதுவும் ஓடாது. விண்டோஸிலேயே இருக்கும் ‘அமெரிக்கா – சர்வதேசம்’ என்ற அமைப்பில் வலது ஆல்ட்டோடு 2 தட்டினால் ², 3 தட்டினால் ³, 6, 7, 8 தட்டினால் கால், அரை, முக்கால், சமக்குறி தட்டினால் × எல்லாம் வரும். ஆனால் ₹ வராது, அதோடு ஒற்றை மேற்கோளும் இரட்டை மேற்கோளும் அடுத்த எழுத்தை அடிக்கும்வரை காத்து நிற்கும். அந்தத் தயக்கம் வேகமாக அடிப்பவர்களைப் படுத்தி எடுத்துவிடும். பிரெஞ்சு, ஸ்பானிஷ் நிறைய அடிப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு வேண்டாம்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குப் பிரச்சினை பாதி தீர்ந்தே கிடக்கிறது. கம்போஸ் விசை என்று ஒன்று உண்டு, 1983-இல் டெக் (DEC) என்ற கணினி நிறுவனத்தின் கீபோர்டில் தனி விசையாகவே வந்தது. இப்போது லினக்ஸின் க்னோம் திரைச்சூழலில் செட்டிங்ஸில் கீபோர்டு பகுதியில் வலது ஆல்ட்டையோ கேப்ஸ் லாக்கையோ அதற்கு ஒதுக்கிக்கொள்ளலாம். அந்த விசையை ஒருமுறை தட்டிவிட்டு, குறி பார்க்க எப்படி இருக்குமோ அப்படி இரண்டு விசைகளைத் தட்ட வேண்டும்: 1, 2 தட்டினால் ½. சின்ன எக்ஸ் இரண்டு தட்டினால் ×. சின்ன ஓ இரண்டு தட்டினால் °. < உம் = உம் தட்டினால் ≤. / உம் = உம் தட்டினால் ≠. + உம் - உம் தட்டினால் ±. பெரிய ஆர், பிறகு = தட்டினால் ₹. மனப்பாடம் செய்ய எண்ணே இல்லை, மறந்துபோனாலும் ஊகித்துவிடலாம். குறி அடிக்கக் கண்டுபிடித்த வழிகளிலேயே இதுதான் மனிதர்களை நினைத்துச் செய்தது என்பேன். விண்டோஸிலும் இது வேண்டுமென்றால் வின்கம்போஸ் என்ற இலவச மென்பொருள் இதே விதிகளோடு கிடைக்கிறது. எக்ஸ்பேண்டரா கம்போஸா என்று கேட்டால், ஆங்கிலத்தில் மட்டும் அடிப்பவருக்குக் கம்போஸ், தமிழும் ஆங்கிலமும் மாறி மாறி அடிப்பவருக்கு எண் வைத்த சுருக்கங்கள். எக்ஸ், ஓ, ஆர் எல்லாம் தமிழ்க் கீபோர்டில் வேறு எழுத்தாகிவிடும் என்பதுதான் காரணம்.

மேக்கில் ஆப்ஷன் விசை இருப்பதால் பெரும்பாலானவை ஏற்கெனவே கைக்கு எட்டும் தூரத்தில்தான். ஆப்ஷன், ஷிஃப்ட், 8 என்றால் °. ஆப்ஷனோடு காற்புள்ளி ≤, புள்ளி ≥, சமக்குறி ≠, சாய்கோடு ÷, இடைக்கோடு –. விசித்திரமாக × அமெரிக்க அமைப்பில் இல்லை. அதற்கு கன்ட்ரோல், கமாண்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்துத் தட்டி எழுத்துப் பலகையைத் திறக்கலாம், அடிக்கடி வேண்டுமென்றால் செட்டிங்ஸில் உரை மாற்றாகச் சேர்த்துவிடலாம்.

குறியின் பெயரே தெரியாது, உருவம் மட்டும்தான் தெரியும் என்றால் கூகுள் டாக்ஸுக்குப் போங்கள். அங்கே சிறப்பு எழுத்துகள் பெட்டியில் மவுஸால் வரைந்து காட்ட ஒரு கட்டம் இருக்கிறது, கோணல்மாணலாக வரைந்தாலும் கிட்டத்தட்ட அதே குறிகளை எடுத்து வைக்கும்.

கடைசியாக, எல்லோரும் செய்யும் நகலெடுத்து ஒட்டுவது. நான் இதை எதிர்க்கவில்லை, வருடத்துக்கு ஒருமுறை வேண்டிய குறிக்கு வேறு வழி தேடுவது வீண். ஆனால் எடுக்கும் இடம் நல்ல இடமாக இருக்க வேண்டும். டிகிரி மாதிரியே தெரியும் இன்னும் இரண்டு எழுத்துகள் யூனிகோடில் இருக்கின்றன: ஒன்று ஸ்பானிய மொழியில் வரிசை எண்ணுக்குப் போடும் மேலேறிய ஓ, சில எழுத்துருக்களில் அதன் அடியில் ஒரு கோடு தெரியும். இன்னொன்று எழுத்தின் தலையில் வைக்கும் தனி வளையம். 37°-இல் மூன்றில் எது இருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது, ஆனால் கோப்பில் ° என்று தேடினால் மற்ற இரண்டும் சிக்காது. கழித்தல் குறி இன்னும் மோசம். கணிதத்துக்கென்றே ஒரு − உண்டு, கீபோர்டில் இருப்பது இடைக்கோடு, நடுவில் சிறு கோடும் உண்டு. அச்சில் கணித − தான் அழகு, + உடன் சரியாக ஒத்து நிற்கும். அதையே இணையத்தில் இருந்து எடுத்து எக்செல் செல்லில் −250 என்று ஒட்டினால் எக்செல் அதை எண்ணாகவே எடுத்துக்கொள்ளாது, கூட்டலில் சேராது. அச்சுக்குப் போவதில் −, கணக்குக்குப் போவதில் கீபோர்டின் சாதாரண இடைக்கோடு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒட்டும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், வி சேர்த்து ஒட்டினால், அதை ஏற்கும் நிரல்களில், இணையப் பக்கத்தின் எழுத்துருவும் நிறமும் கூடவே ஒட்டிக்கொண்டு வராது.

தமிழுக்கே உரிய குறிகளுக்கு எந்த வழி? திருமண அழைப்பிதழிலும் பஞ்சாங்கத்திலும் ஆண்டுக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳ போடுகிறோம். பழைய கணக்கேடுகளில் பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹ உண்டு. இவை எல்லாமே யூனிகோடின் தமிழ்ப் பகுதிக்குள் இருக்கின்றன, விண்டோஸோடு வரும் நிர்மலா எழுத்துருவைக் கேரக்டர் மேப்பில் தேர்ந்தெடுத்துத் தமிழ்ப் பகுதிவரை உருட்டினால் வரிசையாகக் கிடைக்கும். அழைப்பிதழ் அச்சகம் வைத்திருப்பவர் ஒருமுறை அப்படி எடுத்து ,,91, ,,92, ,,93 என்று சுருக்கம் வைத்துக்கொண்டால் முகூர்த்த மாதங்களில் நேரம் மிச்சம். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்களில் இன்னும் அடிப்பவர்களுக்கு இது உதவாது. அங்கே ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை உட்கார வைத்திருக்கிறார்கள், ஒரு குறியை நுழைத்தால் அதை மட்டும் வேறு எழுத்துருவில் வைக்க வேண்டும், பின்னால் மொத்தத்தையும் யூனிகோடுக்கு மாற்றும்போது அந்த இடங்களைத் தனியாகச் சரிபார்க்க வேண்டியிருக்கும்.

முந்திரி, காணி, மா என்ற பழந்தமிழ்ப் பின்னங்களுக்கும் இடம் கிடைத்துவிட்டது. 2019-இல் வந்த யூனிகோடு 12.0-இல் தமிழ்ப் பின்னிணைப்பு என்று 51 எழுத்துகள் சேர்ந்தன. கல்வெட்டு, ஓலைச்சுவடி, நிலக்கணக்கு வேலை செய்பவர்கள் இவற்றைத்தான் தேடுவார்கள். அடிப்பதற்கு மேலே சொன்ன சுருக்க வழியே போதும், தடை எழுத்துருவில்தான். வழக்கமான தமிழ் எழுத்துருக்களில் இந்தக் குறிகள் இருக்காது, வெறும் கட்டம்தான் தெரியும், நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் என்ற இலவச எழுத்துருவை நிறுவ வேண்டும். அப்படியும் பெறுபவரின் கணினியில் அது இருக்காது என்பதால், இந்தக் கோப்புகளை வேர்டாக அனுப்பாமல் எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப்பாக அனுப்புங்கள், மூலக் கோப்பையும் எழுத்துருவையும் ஒரே ஃபோல்டரில் போட்டுப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.